சாம்பல் புள்ளி கைக்கு வந்தது: அசல் அட்டாரியில் அட்வென்ச்சர்

ரகசிய அறையைத் திறக்கும் புள்ளி கிடைத்துவிட்டது. அட்டாரி 2600 ஜூனியர் என்ற பழைய வீடியோ கேம் இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜ் செருகி, பெட்டி டிவியில், இடையில் சேமித்து வைக்கும் வசதி எதுவும் இல்லாமல், அட்வென்ச்சர் ஆட்டத்தின் ரகசிய அறைக்குள் நுழைந்துவிட்டேன். ஆட்டத்தைச் செய்த வாரன் ராபினெட்டின் பெயர் மேலிருந்து கீழாக நின்றுகொண்டு நிறம் மாறி மாறி மின்னுகிறது. சத்தமாகக் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா கதவைத் தட்டி நலம் விசாரித்தார்.

என் சொந்த அக்கா மகன் கேட்டான்: “மாமா, யூடியூப்ல அரை நிமிஷத்துல இதையே பார்த்திடலாமே?” பார்க்கலாம். பழைய இயந்திரத்தைப் போலவே கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் நானும் முன்பே பார்த்தவன்தான். ஆனால் இந்தக் கதவு திறப்பதற்கான காரணம் அந்தப் பழைய பெட்டியின் உள்ளே இருக்கிறது. அதை அந்தப் பெட்டியிலேயே திறந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

ராபினெட் கதை நம் ஆட்களுக்குத் தெரியும். ஆட்டம் செய்தவர் பெயரை அட்டாரி எங்கும் போடாது. அவர் 4 கேபி கார்ட்ரிட்ஜுக்குள் ஓர் அறையை ஒளித்துத் தன் பெயரை எழுதிவைத்து, யாரிடமும் சொல்லாமல் கம்பெனியை விட்டுப் போனார். 1980-இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் கடிதம் எழுதித்தான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது. சிப்பை மாற்றி அச்சடிக்கச் செலவாகும் என்பதால் அப்படியே விட்டார்கள். அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட் இதற்கு ஈஸ்டர் எக் என்று பெயர் வைத்தார். முதல் ஒளிப்பு இதுதான் என்று சிலர் இன்னமும் எழுதுகிறார்கள். இல்லை. 1977-இல் வந்த ஸ்டார்ஷிப் 1 ஆர்கேட் இயந்திரத்தில் ரான் மில்னர் “ஹாய் ரான்!” என்று ஒரு வரியைப் புதைத்திருந்தார். அது வெளியே வந்தது 2017-இல்தான்.

முதல் இடம் யாருக்கானாலும் எனக்குப் பிடித்தது ராபினெட்டின் கதவுதான். 2600-இன் படம் வரையும் சிப், பின்னணி போக, ஒரு நேரத்தில் பிளேயர் எனும் வடிவம் இரண்டு, மிசைல் எனும் கோடு இரண்டு, பால் (பந்து) ஒன்று, இவ்வளவுதான் போடும். அட்வென்ச்சரில் நம் நாயகனான அந்தச் சின்னச் சதுரமே பால். சில அறைகளின் ஓரத்தில் நிற்கும் மெல்லிய கோட்டுச் சுவர் மிசைல். வாள், சாவி, டிராகன் எல்லாவற்றுக்கும் மிச்சம் இருப்பது இரண்டே பிளேயர்கள். மூன்றாவது பொருள் ஓர் அறைக்குள் வந்தால் முறை வைத்துத்தான் காட்ட முடியும், எல்லாம் மினுக்கும். மற்ற புரோகிராமர்கள் மூடி மறைக்கப் பார்த்த குறை அது. ராபினெட் அதையே தன் அறையின் பூட்டாக்கினார். மஞ்சள் கோட்டைக்குக் கீழே, கிழக்குக் கோடியில் இருக்கும் அறைக்குச் சாம்பல் புள்ளியைக் கொண்டுபோக வேண்டும். கூட வேறு இரண்டு பொருள்களாவது அங்கே கிடக்க வேண்டும். அப்போது வலப்பக்கக் கோடு படபடவென்று மினுக்கும், ஊடே போய்விடலாம். இத்தனை ஒளிப்புகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன், இயந்திரத்தின் பலவீனத்தையே வாசலாக வைத்த வேலை இதைப்போல் இன்னொன்று எனக்குத் தட்டுப்படவில்லை.

அந்த மினுக்கலுக்காகத்தான் பெட்டி டிவி. புது எல்சிடியில் இந்த சிக்னலைக் கொடுத்தால் டிவி தன் பங்குக்குப் படத்தைக் கலந்து குழைத்துவிடுகிறது. மினுக்க வேண்டியது மங்கலாகத் தெரியும், சில நேரம் ஒரு பொருள் காணாமலே போகும். இங்கே சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தவரை பெட்டி டிவிக்கு அலைய வேண்டியதில்லை. 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். கடைசியில் தோ பாயோவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயாவிடம் 14 அங்குலம் ஒன்று கிடைத்தது. “தம்பி, ரிமோட் இல்லை, பரவாயில்லையா?” என்று கேட்டார். ரிமோட் யாருக்கு வேண்டும்! மல்டி சிஸ்டம், கையால் திருகும் டியூனர், பழைய ஆன்டெனா சாக்கெட். அனலாக் ஒளிபரப்பு 2019 பிறந்ததும் நின்றுபோனாலும் டியூனருக்கு என்ன தெரியும்? அட்டாரியின் சிக்னலைச் சுத்தமாகப் பிடிக்கிறது.

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். என்னுடையது பால் (PAL) என்ற டிவி சிக்னல் முறைக்கான இயந்திரம். நம் ஊர் டிவி எல்லாம் பால்தானே. வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் தெளிவாகப் பால் கார்ட்ரிட்ஜ் என்று எழுதி ஆர்டர் கொடுத்தேன். வந்தது அமெரிக்க முறையான என்டிஎஸ்சி. இரண்டுக்கும் நிற வரிசை வேறு. என்டிஎஸ்சியில் தங்க நிறம் இருக்கும் எண்ணில் பாலில் வெறும் சாம்பல் உட்கார்ந்திருக்கிறது. மஞ்சள் கோட்டை சாம்பலாகிவிட்டது. மஞ்சள் டிராகன், மஞ்சள் சாவி, வாள் எல்லாம் வெளிறிய சாம்பலில், சாம்பல் தரையின் மேல். ஒரு பொருளை ஒளித்துவைத்த ஆட்டத்தில் பாதிப் பொருள்களை ஒளித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பக் கேட்டால் தபால் செலவு நம் தலையில். பிறகு கேரொசெல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் பண்டமாற்றாக அசல் பால் கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். அவர் பெட்டியோடு, விளக்கக் கையேட்டோடு வைத்திருந்தார், நல்ல மனிதர்.

ஜாய்ஸ்டிக் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் உலோகக் குமிழ்கள் அழுக்கேறினால் “கீழே” என்று தள்ளும்போது விட்டு விட்டு வேலை செய்யும். சாதாரண ஆட்டத்துக்குப் போதும், புள்ளிக்குப் போதாது. ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் துடைத்தேன். கம்பி ஒன்று நைந்திருந்தது, அதற்கு சிம் லிம் டவர் போனேன். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்த் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். உதிரிப் பாகம் என்றால் டவர்தான். ஒரு மீட்டர் கம்பி கேட்டாலும் முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுக்கிறார்கள்.

இனி புள்ளி. கார்ட்ரிட்ஜில் உள்ள மூன்று ஆட்ட வகைகளில் இரண்டாம் ஆட்டத்தில்தான் எடுத்தேன், பொருள்கள் வைத்த இடத்தில் இருக்கும். கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் இருட்டுப் புதிர்வழியில் நம்மைச் சுற்றிக் கொஞ்சம்தான் தெரியும். அதில் நான்கு பக்கமும் அடைத்த ஓர் அறை இருக்கிறது, பாலத்தை வைத்துத்தான் உள்ளே போக முடியும். இந்த ஆட்டத்தில் ஒரு பொருளை எந்தப் பக்கம் தொட்டோமோ அந்தப் பக்கமே அது ஒட்டிக்கொண்டு வரும். பாலமோ அகலமானது. தவறான பக்கத்தில் ஒட்டினால் நாம் சுவருக்கு இந்தப் பக்கம், பாலம் எங்கோ. பாலத்தின் மேல்பக்கத்தைத் தொட்டு, அது நமக்குக் கீழே தொங்கும்படி எடுத்துப்போய், அடைத்த அறையின் மேல்சுவரில் குறுக்காக இறக்கினால் சரியாக விழுகிறது. பாலத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே நேராக இறங்க வேண்டும்.

உள்ளே போனதும் எதுவும் தெரியாது. புள்ளி ஒரே ஒரு பிக்சல், பின்னணியின் அதே சாம்பல். கீழ்ச்சுவரை ஒட்டியே இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே அழுத்தியபடி இடமும் வலமும் தட்டித் தட்டி நகர வேண்டும். கிடைத்தது என்பதற்கு ஒரே சாட்சி, பொருள் எடுக்கும்போது வரும் அந்தச் சின்ன ஒலி. இரவு பத்து மணிக்கு மேல் வீவக அடுக்குமாடி வீட்டில் டிவியைக் குறைத்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக்கொண்டு ஆடினேன். அந்த ஒலி வந்தபோது உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே.

எடுத்த பிறகுதான் பெரிய கவனம். ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் தூக்க முடியும். வழியில் டிராகன் வந்தால் வாளுக்காகப் புள்ளியைக் கீழே போட வேண்டும். போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. மற்ற பொருள்களை இழுக்கும் காந்தம் இதை இழுக்காது. ராபினெட் அதையும் யோசித்து அடைத்திருக்கிறார். எனவே வழி இதுதான்: முதலில் டிராகன்களை எல்லாம் முடித்துவிடுவது, பிறகு கிழக்கு அறையில் மற்ற பொருள்களைச் சேர்த்து வைப்பது, கடைசியாகப் புள்ளியை எடுத்து வழியில் எங்கும் பட்டனைத் தொடாமல் ஒரே நடையாகக் கொண்டுவருவது. இடையில் டிராகன் விழுங்கி ரீசெட் அழுத்தினால் பொருள்கள் இருந்த இடத்தில் இருக்கும், ஆனால் செத்த டிராகன்களும் எழுந்துவிடும்.

வௌவாலை மறக்கவில்லை, மறக்க விடவும் விடாது. நாம் சேர்த்து வைத்ததைத் தூக்கிக்கொண்டு, தன் வாயில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போகும். ஒருமுறை என் வாளை எடுத்துக்கொண்டு உயிருள்ள டிராகனை அறைக்குள் இறக்கிவிட்டது. அதனால் இரண்டு பொருள் போதும் என்ற இடத்தில் வாள், காந்தம், மஞ்சள் சாவி என்று மூன்றை வைத்தேன். அறைக்குள் புள்ளியோடு நுழைந்ததும் எல்லாம் சேர்ந்து மினுக்கத் தொடங்கின. வலக்கோடு விட்டு விட்டுத் தெரிந்தது. வலப்பக்கம் தள்ளினேன், ஊடே போய்விட்டேன். பெட்டி டிவியில் அந்த மினுக்கலுக்கு ஒரு கூர்மை இருக்கிறது. அதைப் படம் பிடிக்கப் பார்த்தேன், போன் கேமராவில் கறுப்புப் பட்டைகள்தான் விழுகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50-க்குக் கொண்டுவந்து இன்னொரு முறை முயல வேண்டும்.

அடுத்து என்ன செய்வது என்பதிலும் இறங்கிவிட்டேன். ஒரு பக்கம் 1994-இன் டூம் 2 என்ற கணினி ஆட்டம். கடைசி அரக்கனுக்குள், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலையை ஓவியர்கள் விளையாட்டாக ஒளித்துவைக்க, அவர் அதைக் கண்டுபிடித்து, “ஜெயிக்க வேண்டுமானால் என்னைக் கொல்ல வேண்டும்” என்று தன் குரலிலேயே பேசி, திருப்பிப் போட்டுச் சேர்த்துவிட்டார். ஆட்டத்தின் கணினிக் கோப்பைத் திறந்து ஒலியைப் பிரித்தெடுத்து, ஆடசிட்டி என்ற ஒலி மென்பொருளில் நானே திருப்பிக் கேட்கப் போகிறேன். கோப்பைத் திறக்கும் ஸ்லேடு மென்பொருளை நிறுவியாயிற்று.

இன்னொரு பக்கம் என் சொந்த அறை. அட்வென்ச்சர் ரோமில் (கார்ட்ரிட்ஜ் சிப்பில்) ராபினெட்டின் பெயர் இருக்கும் பைட்டுகளை மாற்றித் தமிழில் ஒரு பெயர் எழுத வேண்டும். அகலம் 8 பிக்சல். ட, ப, ம எல்லாம் சுகமாக உட்காருகின்றன. என் பெயரில் ண இருக்கிறது. கட்டத் தாளில் வரைந்து பார்த்தேன்: இரண்டு சுழி கொண்ட ன 8-க்குள் அடங்குகிறது, மூன்று சுழி அடங்கவில்லை. சுழிகளை நெருக்கினால் கறுப்புக் கட்டியாகிவிடும். ன போட்டு ஒப்பேற்ற எனக்கு மனமில்லை. இரண்டு பிளேயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 16 பிக்சல் கிடைக்கும், அந்த அறையில் வேறு பொருள் எதுவும் இல்லாதவரை மினுக்காது. கையில் பொருளோடு நுழைந்தால் என்ன ஆகும் என்று இன்னும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் மூன்றாம் ஆட்டத்தில் இதே புள்ளி. அங்கே பொருள்கள் கண்டபடி சிதறிக் கிடக்கும், பாலம் எங்கே என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும். ஜாய்ஸ்டிக்கின் இடப்பக்கக் குமிழ் மறுபடி தடுமாறுகிறது. சிம் லிம் டவர் மேல்மாடியில் ஒரு கடையில் இதே அளவுக் குமிழ்த் தகடு பார்த்த நினைவு, சனிக்கிழமை காலை போகிறேன். யாரிடமாவது பிரித்துப்போட்ட பழைய அட்டாரி ஜாய்ஸ்டிக் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.