டேப் இருக்கு, ட்ரைவ் எங்கே?

அந்தேரியில் போஸ்ட் புரொடக்‌ஷன் வேலை பார்க்கும் எங்களுக்கு டேப் இன்னும் அன்றாடச் சாமான்தான். படப்பிடிப்பு முடிந்ததும் கேமராவிலிருந்து வரும் மூல ஃபுட்டேஜ் எல்லாம் எல்டிஓ டேப்பில் (கம்ப்யூட்டர் டேட்டாவைப் பதிந்து வைக்கும் காந்த நாடா கேசட்) ரெண்டு காப்பியாகப் போகும், ஒன்று எங்களிடம், மற்றது தயாரிப்பாளரிடம். புதிதாகச் சேர்ந்த மாதுங்காப் பையன் "அண்ணே, இன்னுமா கேசட்டு?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 கேசட் ஒன்றில் கம்ப்ரஷன் இல்லாமலே 18 டெராபைட் பிடிக்கும், வினாடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும், எழுதி அலமாரியில் வைத்த பிறகு அது ஒரு யூனிட் கரண்டும் குடிக்காது.

அதைவிட முக்கியம், அலமாரியில் இருக்கிற டேப் எந்த நெட்வொர்க்கிலும் இல்லை. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சர்வரையும் பக்கத்தில் இருக்கும் பேக்கப் சர்வரையும் சேர்த்தே பூட்டிவிடும், டேப்பை எட்டாது. 2011 பிப்ரவரியில் சாஃப்ட்வேர் பிழையால் கொஞ்சம் பேருடைய ஜிமெயில் காலியானபோது, வெவ்வேறு டேட்டா சென்டர்களில் இருந்த காப்பிகளையும் அந்தப் பிழை பாதித்திருந்ததால், கூகுள் கடைசியில் டேப்பிலிருந்துதான் மெயில்களை மீட்டது.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே சுற்றியிருக்கும் நாடா ஒரு கிலோமீட்டருக்கு மேல், ஒரு ஃபைல் கேட்டால் அதுவரை ஓடித்தான் போக வேண்டும். சின்னச் சின்ன ஃபைல்களாக மெதுவாக ஊட்டினால், டேப்பில் எழுதவும் படிக்கவும் செய்யும் மெஷினான ட்ரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி கிளம்பி என்று நேரத்தைத் தின்னும். இதெல்லாம் சமாளிக்கலாம்.

எனக்கு உண்மையான பயம் ட்ரைவைப் பற்றித்தான். நல்ல சூழலில் வைத்தால் டேப் 30 வருஷம் தாங்கும் என்கிறார்கள் (மும்பை ஜூலை ஈரத்தில், வீட்டுப் பரணில் வைத்தால் அந்தக் கணக்கு செல்லாது, ஏசி அறை வேண்டும்), சரி, அதைப் படிக்கிற ட்ரைவ் 30 வருஷம் கிடைக்குமா? எல்டிஓ-7 வரை ஒரு ட்ரைவ் தனக்கு முந்தைய ரெண்டு தலைமுறை டேப்பையும் படித்தது. 8 வந்ததும் அது ஒன்றாகச் சுருங்கியது. 2025-ல் வந்த எல்டிஓ-10 ட்ரைவோ, கேசட்டுக்கு 30 டெராபைட் கொடுத்தாலும், எல்டிஓ-9 டேப்பையே படிக்காது. எல்டிஓ-5-ல் போட்ட பழைய சீரியலை ஓடிடி கேட்கிறது என்று யாராவது வந்தால், அதைப் படிக்கும் கடைசி ட்ரைவ் எல்டிஓ-7, அதைத் தேடி மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோடு வரைக்கும் அலைய வேண்டியதுதான். போதாக்குறைக்கு, ஏதோ ஒரு பேக்கப் சாஃப்ட்வேரின் சொந்த ஃபார்மட்டில் எழுதியிருந்தால் அந்த சாஃப்ட்வேரும் வேண்டும்.

அதனால் இப்போது எந்த ஒரு பேக்கப் சாஃப்ட்வேருக்கும் சொந்தமில்லாத, பொதுவான எல்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில்தான் எழுதித் தருகிறோம், தலைமுறை எண்ணை டப்பா மேலே பெரிதாக ஒட்டுகிறோம். ரெண்டு தலைமுறைக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றச் சொன்னால் மட்டும் "பில் யார் பேரில்?" என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். படத்தின் பட்ஜெட்டிலேயே அதற்கு ஒரு வரி போடுங்கள் என்பேன், இதுவரை யாரும் போடவில்லை.