இண்டி ரொக் அல்பத்துக்கு ஒரு குறிப்பு அட்டை

கல்லூரி வானொலிக்கு வரும் இண்டி ரொக் (பெரிய நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ரொக்) அல்பத்தைக் கேட்டு, "நல்ல அல்பம், கிட்டார் பிரமாதம்" என்று எழுதி வைத்த அட்டையால் அடுத்த அறிவிப்பாளருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மைக்குக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரியவேண்டியது வேறு. குரல் எத்தனையாவது செக்கனில் வருகிறது, பாட்டு டக்கென்று நிற்கிறதா தேய்ந்து போகிறதா, தூஷணச் சொல் எங்கே இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி வானொலிகளில் இசைத்தட்டின் உறையிலேயே இப்படியொரு துண்டை ஒட்டும் வழக்கம் இருந்தது. இப்போது தட்டு வருவதில்லை, இணைப்புத்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி இணைய வானொலியில் இருக்கிறவரும் சியாட்டிலில் இருக்கிறவரும் ஒரே நாளில் ஒரே கோப்பைத்தான் இறக்குகிறார்கள். அட்டையில் எழுதவேண்டியது மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

2015 ஜூலை 10 முதல் புதிய அல்பங்களுக்கு உலகெங்கும் வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரித்தானியாவில் திங்கள். இசைக்குழுக்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் இணையத்தளமான பாண்ட்காம்ப் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் சில வெள்ளிக்கிழமைகள் 2020 மார்ச்சில் தொடங்கின. அவை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நடப்பவை. கோடையில் நமக்கு அது வெள்ளி மதியம் 12.30க்குத் தொடங்கிச் சனி மதியம் 12.30க்கு முடியும், குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தும். காலையிலேயே காசு கட்டினால் இசைக்குழுவுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு குறையும். காசு கொடுத்து வாங்கிவிட்டால் ஒலிபரப்பலாம் என்று நினைக்கவும் கூடாது. அந்த அனுமதி வேறு. குழுவுக்கோ லேபிளுக்கோ (வெளியீட்டு நிறுவனத்துக்கோ) ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, வந்த பதிலைக் கோப்போடு சேர்த்து வையுங்கள். சின்னக் குழுக்கள் பெரும்பாலும் சந்தோசமாகவே பதில் எழுதும்.

கோப்பு வேவ் (சுருக்காதது) அல்லது ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கியது) ஆக இருக்கட்டும். வேவ் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டளவு. நாற்பது நிமிட அல்பம் நானூறு. கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்குவதானால் ஃபிளாக் புத்தி, ஒலி ஒன்றும் குறையாமல் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். யூரியூப்பிலிருந்து உருவிய எம்பி3 வேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. நமது ஒலிபரப்பு 128 கிலோபிட்டில் இன்னொருமுறை சுருக்கும். முதலில் கெடுவது சிம்பல், ட்ரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு. அதன் நீண்ட ஓசை கலங்கி நெளியும். இண்டி ரொக்கில் சிம்பல் ஓயாமல் அடிக்கும் என்பதால் பாட்டு முழுவதுமே அழுக்காகக் கேட்கும்.

முதல் தரம் ஹெட்போனில், பேனையைத் தொடாமல் கேட்கவேண்டும். இரண்டாம் தரம் கலையக ஸ்பீக்கரில், நேரம் குறித்துக்கொண்டு. மூன்றாம் தரம் தொலைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில். பலர் தவிர்ப்பது இந்த மூன்றாவதைத்தான், ஆனால் நேயர்களில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் அநேகமாக இல்லாமல் போகும். பேஸை நம்பி எழுதிய போஸ்ட்-பங்க் (பங்க் ரொக்குக்குப் பின் வந்த பாணி) பாட்டில் அப்போது மிஞ்சுவது ட்ரம்ஸும் கத்தலும்தான். இடமும் வலமும் அகலமாக விரித்த கிட்டார்கள் மோனோவில் (இரண்டு பக்கமும் ஒன்றாகும்போது) ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் உண்டு. ஹெட்போனில் மலைக்கவைத்த கோரஸ் போனில் மெலிந்து கிடந்தால் காரணம் இதுதான். அந்தப் பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தெரிவுசெய்யுங்கள்.

எங்கள் நேயரின் காது எதைப் பொறுக்கும், எதைப் பொறுக்காது என்பதில் எனக்கு ஒரு நிச்சயம் உண்டு. நீண்ட வாத்தியப் பகுதியைப் பொறுக்கும். தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கொண்டாடிய ஊர் இது. ஐந்து நிமிடம் குரலே இல்லாமல் ட்ரம்ஸும் கிட்டாரும் போனாலும் ஒருவரும் அசையமாட்டார்கள். ஏழு அடியில் போகும் பாட்டு 3+4 ஆகப் பிரிந்தால் அட்டையில் கர்நாடக இசையின் ஏழெண்ணிக்கைத் தாளமான 'மிஸ்ர சாபு' என்று எழுதினால் போதும், நேயருக்கும் அப்படியே சொல்லலாம். பொறுக்காதது, குரல் அமுங்கிக் கிடப்பது. ஷூகேஸ் என்னும் இரைச்சல் கிட்டார்ப் பாணியில் குரலைக் கிட்டார்ச் சுவருக்குப் பின்னால் வைப்பது வேண்டுமென்றே செய்வது. ஆனால் "குரல் கேக்கேல்லை, லைன் பிழையோ?" என்று செய்தி வரும். ஈகியூவில் (ஒலியின் உயர், தாழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) 3 கிலோஹேர்ட்ஸைத் தூக்கிச் சரிசெய்யப் பார்க்கவேண்டாம். கிட்டாரின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து காதைக் குத்தும். பாட்டுக்கு முன் ஒரு வசனம் சொன்னால் காணும்: குரலும் இங்கே இன்னொரு வாத்தியம்தான்.

அமெரிக்காவின் அஷ்வில் நகரத்து வெட்னஸ்டே குழு, அதில் கிட்டார் வாசித்த எம். ஜே. லெண்டர்மன் ஆகியோரின் பாட்டுகள் இங்கே எளிதாக எடுபடும். அதிலுள்ள ஸ்டீல் கிட்டார் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவது கமகம் கேட்டுப் பழகியவருக்கு அந்நியமாக இராது. 'பிளாக் கண்ட்ரி, நியூ ரோட்' என்ற ஆங்கிலேயக் குழுவிலும் வயலினும் சாக்சபோனும் இருப்பதால் உள்ளே நுழைய வழி உண்டு. ஆனால் 2022 ஜனவரியில் அவர்களின் பிரதான பாடகர் விலகிவிட்டார், அதன்பின் பாடுபவர்கள் வேறு. பழைய அட்டையைப் பிரதிபண்ணினால் நேரடி ஒலிபரப்பில் பிழையான பெயர் சொல்லவேண்டிவரும்.

ஒலியளவு தனித் தலையிடி. படுக்கையறையில் பதிந்த பாட்டு −16 எல்யூஎஃப்எஸ் (சராசரி உரப்பின் அலகு) அளவில் நிற்கும். ஒலியை இறுக்கி மாஸ்டர் செய்தது (இறுதி வடிவம் கொடுத்தது) −7 வரை ஏறும். அடுத்தடுத்துப் போட்டால் ஒன்பது டெசிபெல் வித்தியாசம், நேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூமைத் திருகுவார். உச்சத்தைப் பார்த்துச் சமப்படுத்துவதால் இது தீராது, இரண்டின் உச்சமும் ஏறத்தாழ ஒன்றுதான். சராசரி உரப்பை அளந்து எல்லாவற்றையும் −16க்குக் கொண்டுவாருங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் வைத்த −23 தொலைபேசியில் கேட்பவருக்கு மிகத் தணிவு. உச்சம் −1 டெசிபெல்லைத் தாண்டாமல் விடுங்கள், சுருக்கும்போது அது இன்னும் எழும். வெளியீட்டுக் கொம்ப்ரசரையும் (உரத்த ஒலியைத் தணிக்கும் கருவியையும்) இலேசாக வையுங்கள். இல்லாவிட்டால், மெல்லத் தொடங்கி வெடிக்கும் பாட்டில் அந்த வெடிப்பையே அது அமுக்கிவிடும். பிறகு அந்தப் பாட்டைப் போட்டு என்ன பயன்?

முடிவுகளைக் கடைசி செக்கன்வரை கேட்கவேண்டும். முடிந்ததுபோல் ஏழெட்டுச் செக்கன் மௌனமாகி மறுபடி எழும் பாட்டுகள் இந்த வகையில் அதிகம். மௌனத்தைக் கண்டதும் மாற்றுப் பாட்டுக்குத் தாவும்படி ஐந்து செக்கனில் அமைத்த மென்பொருள் பாதியில் வெட்டிவிடும். அட்டையில் 'பொய் முடிவு 3:12' என்று எழுதி, அந்தப் பாட்டுக்கு மட்டும் கையால் இயக்குங்கள். வேண்டுமென்றே விட்ட இரைச்சலையும் குறியுங்கள், இல்லாவிட்டால் புதிய அறிவிப்பாளர் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார். தூஷணச் சொல்லுக்கு இணைப்பிலுள்ள 'ஈ' (ஆங்கில E) அடையாளத்தை நம்பவேண்டாம். அதை இடுபவர் பாட்டை வெளியிடுபவரே, விடுபடுவதுண்டு. அமெரிக்க வானொலிகளுக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சற்றுத் தளர்வு இருக்கிறது. இங்கே கல்லூரி அதிபரின் தொலைபேசி அழைப்புக்கு நேரகாலம் இல்லை. ரேடியோ எடிட் (தூஷணம் நீக்கிய பதிப்பு) இருக்கிறதா என்று லேபிளிடம் கேளுங்கள், இல்லையென்றால் வேறு பாட்டு.

கதைப்பது இருபது செக்கன். கிட்டார் முன்னிசையின் மேல் கதைக்கவேண்டாம், இந்த வகையில் பாட்டின் பாதி அங்கேதான் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அயலில் ஒலிபெருக்கி ஓயாது. அந்த நாட்களில் டைனமிக் மைக்கை (தூரத்து ஒலியைக் குறைவாகப் பிடிக்கும் வகை) வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, அறிவிப்புகளை முற்கூட்டியே இரவில் பதிந்துவிடலாம்.

மூன்று மாதம் கழித்து அட்டைகளைத் திரும்ப எடுத்துக் கேளுங்கள். முதல் வாரத்தில் அட்டையில் பரிந்துரைத்த பாட்டுகள் மூன்று என்றால் அவற்றில் ஒன்றையாவது வெட்டவேண்டி வரும். அநேகமாக அது அல்பத்தின் முதல் பாட்டாகவே இருக்கும். வெட்டிய திகதியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.