சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே

மார்ச் 1, வெள்ளி

கார் ஸ்டீரியோ இனி மறக்காது. சாவியை எடுத்தால் கடிகாரம் 12:00க்கும் வானொலி 87.5க்கும் போய்விடும். வண்டி வாங்கிய மூன்று மாதமாக இதே கதை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது, நான் 101.4ஐத் தேடிப் பிடிக்கும்வரை அப்பா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் செட்டை வெளியே எடுத்தார்கள். எந்தக் காலத்திலோ யாரோ கம்பெனி பிளக்கை வெட்டிவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். வெயிலில் பசை உருகி, தொட்ட விரலில் தார் போல ஒட்டியது. மஞ்சள் ஒயருக்கு எந்நேரமும் மின்சாரம் வர வேண்டும், நிலையமும் நேரமும் அதில்தான் நிற்கும். சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும் வந்தால் போதும். இதில் இரண்டையும் சாவி லைனிலேயே கட்டியிருந்தார்கள். கடைப் பையன் மஞ்சளைப் பிரித்து பேட்டரி லைனில் கொடுத்தான். பத்து நிமிடம், 300 ரூபாய்.

மார்ச் 2, சனி

101.4 அப்படியே இருந்தது. அப்பா சிரித்தார்.

மார்ச் 5, செவ்வாய்

அதிகாலை 2.10க்கு சைரன். ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். இருபது நிமிடத்தில் மறுபடியும். தண்ணீர் லாரி போனால் கத்தும், பக்கத்து வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினால் கத்தும், அது பழகிவிட்டது. இன்று தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அப்பா விழித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். சிறுநீரகம் வேலை செய்யாததால் அவருக்குத் தண்ணீர் அளந்துதான். நேற்றைய அளவு மாலையிலேயே தீர்ந்துவிட்டது. ஒரு வாய் கொடுத்தேன்.

மாலை:

அதிகாலை 4.45க்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். எதிர் வீட்டு அண்ணனை எழுப்பி, அவர் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தோம். கிளிப்பை வைத்த நொடியில் சைரன் அலறியது. பேட்டரி செத்துப் பிழைத்தால் இந்த அலாரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், ஸ்டார்டரையும் சேர்த்து. ரிமோட் எங்கே என்று தேடுகிறேன், அது என் கையிலேயே இருக்கிறது. அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் துண்டோடு. "ஆட்டோவைக் கூப்பிடம்மா" என்றார். ஆட்டோவில் சீட் சாயாது.

போய்ச் சேர 35 நிமிடம் தாமதம். நான்கு மணி நேரம் மூன்றரையாக முடிந்தது. உடம்பில் 2.9 கிலோ நீர் ஏறியிருந்தது, 2.4தான் எடுக்க முடிந்தது.

மார்ச் 6, புதன்

பேட்டரியை முழுக்க சார்ஜ் போட்டு மாட்டினேன். மாட்டும்போதும் சைரன்.

மார்ச் 7, வியாழன்

முனகிக்கொண்டே பிடித்தது. பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார் கடைக்காரர். அதற்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது. சார்ஜ் நிற்கிறது, பிறகு எங்கேயோ போகிறது. எங்கே என்று யாராவது சொல்ல வேண்டாமா?

மார்ச் 9, சனி

வரும் வழியில் அப்பா, "இந்த வண்டியை வித்துவிடும்மா, உனக்கு எதற்கு இந்தப் பாடு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ரேடியோவில் என்ன பாடியது என்று ஞாபகம் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு வண்டியைப் பெருக்கும்போது, முன் சீட்டுக்கு அடியில் அப்பாவின் மாத்திரை அட்டை தெரிந்தது. எடுக்கக் கையை விட்டேன். விரல், ஸ்பீக்கருக்கு ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிபயர் மேல் பட்டது. அலுமினிய மடிப்புகள் வெதுவெதுப்பாக இருந்தன, காய்ச்சல்காரரின் நெற்றி போல. வண்டியை நிறுத்தி இருபது மணி நேரம் ஆகிறது.

மல்டிமீட்டரை பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஒயருக்கும் நடுவே கோர்த்தேன். கதவைச் சாத்திப் பத்து நிமிடம் காத்திருந்தேன். 0.41 ஆம்பியர். உறங்கும் வண்டிக்கு 0.05க்கு மேல் கூடாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், எண் அசையவில்லை. பேட்டரி ஓரமாகத் தனியே ஒரு ஃபியூஸ் தொங்குகிறது, ஆம்ப்ளிபயருக்கு நேராகப் போகும் லைன். அதை எடுத்ததும் 0.03.

சனி காலை 11 முதல் செவ்வாய் 4.45 வரை ஏறக்குறைய 66 மணி நேரம். பெருக்கினால் 27 ஆம்பியர்-மணி. பேட்டரியே 35தான். சைரன் கத்தியதற்குக் காரணமும் மின்சாரம் வடிந்துகொண்டிருந்ததுதான். அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் வாயை அடைத்தேன்.

மதியம் செட்டை நானே வெளியே இழுத்தேன். ஆம்ப்ளிபயரை எழுப்பும் நீல ஒயரை முன்பே யாரோ மஞ்சளோடு சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். மஞ்சள் சாவி லைனில் இருந்தவரை தொல்லை தெரியவில்லை. பையன் மஞ்சளை ஆம்ப்ளிபயருக்கு நேராகப் போகும் அந்த பேட்டரி லைனுக்கு மாற்றியபோது நீலமும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து ஆம்ப்ளிபயர் தூங்கவே இல்லை. செட்டின் பின்னால் அதற்கென்றே இருக்கும் நீல ஒயர், எதிலும் சேராமல் அநாதையாகத் தொங்கியது. இரண்டு நீலத்தையும் சேர்த்தேன். பழைய பசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புது டேப் சுற்றினேன்.

0.03.

மார்ச் 12, செவ்வாய்

முதல் திருப்பிலேயே பிடித்தது. 2.6 கிலோ. முழு நான்கு மணி நேரம்.

மார்ச் 14, வியாழன்

இப்போது தினமும் இரவு இரண்டு எண்கள் எழுதுகிறேன், வண்டிக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. 12.6 வோல்ட். 57.1 கிலோ.

மார்ச் 15, வெள்ளி

ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் அந்தக் கீச்சு மெட்டைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அது வந்தால்தான் வீடு வந்துவிட்டது என்று தெரிகிறது என்றார்.

மார்ச் 17, ஞாயிறு

12.6. 58.4. வெயில் கொளுத்துகிறது. சமையலறையில் டம்ளர் ஈரமாக இருந்தது. நான் குடிக்கவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

மார்ச் 18, திங்கள்

12.6. 59.7. அவர் காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது, எழும்ப நேரம் ஆகிறது.

இரவு 11.40:

படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், உட்கார்ந்தே இருக்கிறார். காலைவரை பொறுக்கலாம் என்கிறார். சாவியை எடுத்துவிட்டேன்.