பிரேக் வேலை: நம்ம பழைய வேகன்ஆர் டைரி

மார்ச் 2, 2025, ஞாயிறு

கொஞ்ச நாளா முன்னாடி லெப்ட் சைடுல கீச்சு கீச்சுனு ஒரு சத்தம், மெதுவா போகும்போது நல்லா கேக்குது, பிரேக்ல கால் வெச்சா மாறுது. மச்சான் வந்தப்ப "தூசியா இருக்கும் மாமா, ரெண்டு தடவ அழுத்தி மிதிங்க போயிடும்"னான். இது தூசி சத்தம் இல்ல. பேடு (வீலோட சுத்துற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் அழுத்தி பிடிக்கற கட்டை) தேய்ஞ்சு குறிப்பிட்ட அளவுக்கு வந்தா டிஸ்க்ல உரசி கத்தணும்னே ஒரு சின்ன தகடு வெச்சிருப்பாங்க, அது கத்துது.

டார்ச் அடிச்சு வீல் ஓட்டை வழியா பாத்தா வெளிப்பக்க பேடு 5 மில்லிக்கு மேல இருக்கு, புதுசே சுமார் 10 மில்லிதான், 3 மில்லி ஆனா மாத்திடணும், அப்ப இது இன்னும் ஓடும். பின்ன ஏன் கத்துது? வீலை கழட்டினாதான் தெரியும்னு ஜாக்கி போட்டு கழட்டினேன். உள்பக்க பேடு தகடு தெரியற அளவுக்கு வந்தாச்சு. ஒரே வீல்ல ஒண்ணு பாதி, ஒண்ணு காலி. வெளிய மட்டும் பாத்து "பேடு நல்லா இருக்கு சார்"னு சொல்ற ஆளுங்க எத்தனை பேரோ.

மார்ச் 8, சனி

பேடு செட், பின்னாடிக்கு ஷூ செட் (பின்வீல் டிரம்முக்குள்ள இருந்து அழுத்தற வளைஞ்ச கட்டை), டாட் 4 பிரேக் ஆயில் வாங்கியாச்சு. கடைக்காரர் "பின்னாடி எதுக்கு சார், முன்னாடிதான தேயும்"னார். அவர் சொல்றதுல பாதி நிஜம். பிரேக் அடிச்சா வண்டி வெயிட் முன்னாடி சாயுது, மூக்கு குனியறது கண்ணுக்கே தெரியும், அதனால சுமார் 70 சதவீத வேலை முன்பக்கம்தான் பாக்குது. மீதி 30 யாரு பாக்குறது? முன்பக்க பேடு மட்டும் மாத்திட்டு பிரேக் சர்வீஸ் ஆச்சுன்னு பில் போடுறது நம்ம ஊர்ல வழக்கமாவே ஆயிடுச்சு.

மார்ச் 9, ஞாயிறு

முன்பக்கம் முடிஞ்சுது. வண்டி தரையில இருக்கும்போதே வீல் நட்டை லூஸ் பண்ணிட்டு, பின் வீலுக்கு கல் வெச்சு, ஜாக்கி போட்டு தூக்கி, வண்டிக்கு அடியில ஸ்டாண்டும் வெச்சேன். ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு கீழ கைய விடவே கூடாது.

காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்தற கவ்வி) கீழ் போல்டை எடுத்துட்டு மேல தூக்கினா பேடு கைக்கு வந்துடும். காரணமும் அப்பவே தெரிஞ்சுது. இந்த காலிப்பர்ல பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான், உள்பக்கம். பிஸ்டன் உள்பேடை டிஸ்க்ல அழுத்தும், அந்த எதிர்விசையில காலிப்பரே ரெண்டு கைடு பின் (வழுக்கி நகர வைக்கற சின்ன கம்பி) மேல நகர்ந்து வந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தணும். அந்த பின் துருப்பிடிச்சு ஜாம் ஆயிடுச்சுன்னா காலிப்பர் நகராது, உள்பேடு ஒண்ணே மொத்த வேலையும் பாத்து தேஞ்சு போகும். கீழ்பின் வெண்ணெய் மாதிரி வந்துச்சு, மேல்பின் அசையவே இல்ல, அத மூடற ரப்பர் உறை கிழிஞ்சு தண்ணி போயிருக்கு. திருகி திருகி எடுத்து, எமரி பேப்பர் போட்டு சுத்தம் பண்ணி, புது உறை போட்டு சிலிக்கான் கிரீஸ் வெச்சேன், சாதா கிரீஸ் வெச்சா ரப்பர் ஊதி மறுபடி ஜாம்தான். இத பாக்காம புது பேடு மட்டும் போட்டிருந்தா அதுவும் இதே கதிதான்.

பிஸ்டனை உள்ள தள்ள பழைய பேடை வெச்சு சி கிளாம்ப்ல மெதுவா இறுக்கினேன். தள்ளும்போது ஆயில் டப்பா மூடிய தொறந்து வெச்சு ஒரு கண்ணு அங்கயும் இருக்கணும், ஆயில் மேல ஏறி வழியும், பெயிண்ட் மேல பட்டா பெயிண்ட் போச்சு. காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டிக்கணும். டிஸ்க்ல ஓரத்துல குறைஞ்சபட்ச திக்னஸ் பொறிச்சிருக்கும், மைக்ரோமீட்டர் வெச்சு பாத்தேன், தாராளமா இருக்கு. ரைட் சைடும் அதே மாதிரி முடிச்சேன், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும்.

எல்லாம் மாட்டினதும் பெடல் கெட்டியாகற வரைக்கும் நின்ன எடத்துலயே மிதிக்கணும். முதல் மிதி தரை வரைக்கும் போகும். மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்தா சுவத்துல போய்தான் நிக்கணும்.

மார்ச் 15, சனி

பின்பக்கம். இதுதான் பொறுமைய சோதிக்கற வேலை. இந்த வண்டியில டிரம்முக்குள்ளயே பேரிங், நடுவுல மூடிய தட்டி எடுத்தா பெரிய நட்டு, அதோட உதட்டை தண்டுல இருக்கற பள்ளத்துல மடக்கி அடிச்சிருப்பாங்க. அத நிமித்திட்டு ஹேண்ட்பிரேக்க விட்டு, கேபிளையும் லூஸ் பண்ணினாதான் டிரம் வரும். அந்த நட்டை திரும்ப போடக்கூடாது, புதுசு போட்டு டார்க் ரென்ச்ல (குறிச்ச அளவுக்கு இறுக்கற ஸ்பேனர்) இறுக்கி மறுபடி மடக்கணும். ரென்ச் தெரு முக்கு மெக்கானிக் அண்ணன்கிட்ட இரவல்.

ரைட் டிரம்மை இழுத்ததும் தூசிக்கு பதிலா கருப்பு களி. ஷூவை தள்ளுற வீல் சிலிண்டரோட ரப்பரை லேசா விலக்கினா ஆயில் சொட்டுது. லைனிங் (ஷூ மேல டிரம்முல உரசுற பட்டை) முழுக்க ஊறியிருக்கு, அந்த வீல் பிரேக்கே பிடிச்சிருக்காது. போன சர்வீஸ்ல பின்பக்கம் தொறக்கவே இல்லன்னு இதுலயே தெரியுது, ஆனா பில்லுல "பிரேக் கிளீனிங்"னு ஒரு வரி இருக்கு. ஆயில் குடிச்ச லைனிங்கை பெட்ரோல் போட்டு கழுவி திரும்ப போடுவாங்க சிலர், சூடானா மறுபடி கசியும், தூக்கி போட்டுடணும்.

தூசிய ஏர் அடிச்சு ஊதல. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாக்கி துடைச்சேன். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா பிரிக்கல. ஸ்பிரிங் எது எங்கன்னு குழம்பினா லெப்ட்டை போய் பாத்துக்கலாம், போட்டோவும் எடுத்து வெச்சேன்.

டிரம் பிரேக் வண்டிய நிறுத்தற விதம் எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம். ரெண்டு ஷூவுல முன் ஷூவை, சுத்துற டிரம்மே இழுத்து தன்மேல இன்னும் இறுக்கிக்கும், கொஞ்சம் அழுத்தினா நிறைய பிடிக்கும். ஹேண்ட்பிரேக்குக்கு இதுனாலதான் டிரம் தோது. மூடியிருக்கறதால சூடு சீக்கிரம் வெளிய போகாது, அதுதான் குறை.

மார்ச் 16, ஞாயிறு

ரெண்டு பக்கமும் புது சிலிண்டர், புது ஷூ. ஷூ உரசுற மேடுங்க மேல மட்டும் கிரீஸ் ஒரு தொடுப்பு, லைனிங்ல கை ரேகை கூட படாம. பைப்பை பிரிச்சதால உள்ள போன ஏரை வெளிய எடுக்கணும், தங்கமணிய (வீட்டம்மாதான்) சீட்ல உக்கார வெச்சேன்.

"மிதி... புடிச்சுக்கோ... விடாத!"

"ஏங்க, கால் வலிக்குது, எவ்வளவு நேரம்?"

நிப்பிளை (வீல்கிட்ட ஏர் வெளிய விடற சின்ன திருகு) மூடாம காலை எடுத்தா வெளிய போன காத்து உள்ள வந்துடும்னு சொன்னேன், அதுக்கப்புறம் புலம்பிக்கிட்டே சரியா செஞ்சாங்க. நாலு வீலும், பழைய ஆயில் டீ டிகாஷன் கலர்ல வந்துச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கணும், தண்ணி சேந்தா அந்த குறைஞ்சபட்சம் 155தான். கொதிச்சா ஆவி, ஆவி அமுங்கும், பெடல் உள்ள போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்துங்கன்னா யாரு கேக்குறா.

கடைசியாதான் ஹேண்ட்பிரேக் கேபிள். ஷூவ செட் பண்ணாம கேபிளை மட்டும் இறுக்கறது குறுக்கு வழி.

மார்ச் 23, ஞாயிறு

வாரம் பூரா ஆபீஸ் போற வழியில பேடு செட்டாகட்டும்னு, காலி ரோட்டுல 50ல இருந்து 10க்கு மெதுவா இறக்கி, நிறுத்தாம விட்டு, ஆற விட்டு மறுபடி. இன்னைக்கு ஏற்காடு. 20 ஹேர்பின், இறங்கும்போது ரெண்டாவது கியர், எஞ்சினே பாதி பிடிச்சுக்குது, வளைவுக்கு முன்னாடி ஒரு தட்டு போதும். பின்னாடி ஒரு கார் விடாம பிரேக்ல கால் வெச்சே இறங்கிச்சு, அடிவாரத்துல அது நின்னப்ப கருகின வாடை. அந்த டிரைவர் தம்பிகிட்ட "கியர்ல இறங்குப்பா"ன்னேன், "பிரேக் புதுசுண்ணே"ன்னான்.

கீழ வந்து நம்ம நாலு வீலையும் கை கிட்ட கொண்டுபோய் பாத்தேன், முன்ன ரெண்டும் ஒரே சூடு, பின்ன ரெண்டும் ஒரே சூடு. வீல் நட்டு இன்னொரு தடவ இறுக்கியாச்சு. மச்சான் வண்டி அடுத்த வாரம் வருது, வண்டி வாங்கின நாள்ல இருந்து அவன் டிரம்மை தொறக்கவே இல்லயாம்.