ஃபயர்வாலை அணைக்காமலேயே ஃபைல் பகிரலாம்

வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன, ஒன்றின் ஃபோல்டர் இன்னொன்றில் திறக்கவில்லை. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "அக்கா, ஃபயர்வாலை ஆஃப் பண்ணிருங்க." (ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கிலிருந்து அனுமதியின்றி வருவதை மறிக்கும் காவல்.) அதற்கும் மசியவில்லை என்றால் ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' போட்டு ஃபுல் கண்ட்ரோல், அதாவது எல்லோருக்கும் முழு உரிமை, கொடுக்கச் சொல்வார்கள். கடைசியாக, ஃபைல் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொல்வார்கள். மூன்றையும் செய்தால் ஃபோல்டர் திறந்துவிடவும் கூடும். ஆனால் பழுது எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது, பூட்டியிருந்த மூன்று கதவுகள் மட்டும் திறந்தே கிடக்கும். என் கணினியில் இருப்பவை பிறர் நம்பிக் கொடுத்த ஃபைல்கள். எனக்கு அந்த வழி ஒப்பவில்லை.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று வேலை வரும். பேஜ்மேக்கரும் பாமினி முதலான பழைய எழுத்துருக்களும் மாடியில் உள்ள விண்டோஸ் 10 டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. படங்களைத் திருத்துவதும் ப்ரூஃப் அனுப்புவதும் கீழே இருக்கும் விண்டோஸ் 11 லேப்டாப்பில். ஒரே ஃபைல் நாள் முழுக்க மேலும் கீழும் போய்வர வேண்டும். பென்டிரைவ் இதற்குச் சரிப்படாது. எது கடைசியாகத் திருத்திய பிரதி என்ற குழப்பம் வந்தால், மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு பத்திரிகை அச்சாகிவிடும். தவிர, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. அதனால் டெஸ்க்டாப்பில் 'வேலை' என்று ஒரு ஃபோல்டரையும் லேப்டாப்பில் இன்னொன்றையும் பகிர்ந்து வைத்திருந்தேன், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஃபைபர் இணைப்புக்காரர்கள் வந்து புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனதும் அது நின்றது. இரண்டு கணினியிலும் இணையம் வந்தது, பிரிண்டரும் ஓடியது. பகிர்ந்த ஃபோல்டர் மட்டும் இரு பக்கமும் திறக்கவில்லை. 'நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்' என்ற செய்தி மட்டும் வந்தது.

விண்டோஸில் இந்தச் செய்தியைப் பார்த்ததும் பாஸ்வேர்டையோ ஃபோல்டர் அனுமதியையோ போய்த் தொடக் கூடாது. அங்கே இன்னும் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் அதன் பொருள். போய்ச் சேர்ந்து, யார் என்று கேட்டிருந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வந்திருக்கும். ஆளை ஏற்று, ஃபோல்டரை மட்டும் மறுத்திருந்தால் 'ஆக்சஸ் டினைடு' என்று வந்திருக்கும். மூன்றும் மூன்று வேறு இடத்துப் பழுதுகள். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் லேப்டாப்பின் நெட்வொர்க் வகையைப் பார்த்தேன். பெட்டி மாறினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். புது நெட்வொர்க்கை அது 'பப்ளிக்' என்றுதான் எடுத்துக்கொள்ளும், அதாவது ரயில் நிலைய வைஃபையையும் நம் வீட்டு வைஃபையையும் ஒன்றாகவே பார்க்கும். பப்ளிக்கில் இருக்கும்வரை வெளியிலிருந்து வரும் பகிர்வுக் கோரிக்கைகளை ஃபயர்வால் மறிக்கும். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அணைக்கத் தேவையே இல்லை. செட்டிங்ஸில் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'பிரைவேட்' என்று மாற்றினால் போதும்.

மாற்றியதும் பாதி சரியானது. மாடி டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பின் ஃபோல்டர் திறந்தது. லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் போக முடியவில்லை. இந்த ஒருவழிப் பாதைதான் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்த்தால் லேப்டாப்பின் முகவரி 192.168.1 என்று தொடங்குகிறது, டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.0 என்று தொடங்குகிறது. வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்!

புதுப் பெட்டியே ஒரு ரூட்டர். மாடியில் சிக்னல் எட்டாது என்று முன்பே நான் வாங்கி வைத்திருந்த பழைய ரூட்டரைப் புதுப் பெட்டியின் கேபிளில் அவர்கள் அப்படியே செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் 'வான்' (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் கேபிள் ஏறியதால் அது தனக்குக் கீழே இன்னொரு நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் டெஸ்க்டாப் வெளியே இருப்பவரைக் கூப்பிடலாம். வெளியே இருக்கும் லேப்டாப் உள்ளே இருப்பவரைக் கூப்பிட வழியில்லை. இணையம் மட்டும் இரண்டுக்கும் தங்குதடையின்றி வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் பெட்டியும் பழைய ரூட்டரும் சேர்ந்தே இருக்கின்றன. பகிர்வு வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அந்த முகவரியைத்தான்.

பழைய ரூட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரியைப் புதுப் பெட்டியின் வரிசையில் வேறு யாருக்கும் போகாத ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். நான் 192.168.1.250 கொடுத்தேன். டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும், முகவரி கொடுக்கும் வேலையை ஒரு பெட்டிதான் பார்க்க வேண்டும். அப்புறம் கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து 'லேன்' (LAN, வீட்டுக் கணினிகளுக்கான) துளை ஒன்றில் செருக வேண்டும். சில ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோடு என்றே ஒரு தேர்வு இருக்கும், அது இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். வைஃபையில் 'கெஸ்ட்' பெயரில் சேர்ந்திருந்தாலும், வைஃபையில் உள்ள கருவிகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும் 'ஏபி ஐசொலேஷன்' ஆனில் இருந்தாலும் இதே மாதிரி ஒன்றை ஒன்று காணாது. அதையும் பார்த்துவிடுங்கள்.

இதைச் செய்த பிறகும் லேப்டாப்பில் டெஸ்க்டாப் திறக்கவில்லை. காரணம் பழையதுதான். ரூட்டர் வேலையை விட்டதால் டெஸ்க்டாப்புக்கும் இது புது நெட்வொர்க், அதுவும் பப்ளிக்குக்குப் போய்விட்டது. அங்கேயும் பிரைவேட் ஆக்கினேன். பிறகு லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் டெஸ்க்டாப்பின் முகவரியும் 445 என்ற போர்ட்டும் (கணினிக்குள் நுழையும் வாசலின் எண்) கொடுத்துப் பார்த்தேன். 'ட்ரூ' என்று வந்தது. விண்டோஸ் ஃபைல் பகிர்வு நடப்பது இந்த 445-ல்தான். பலர், அடுத்த கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, பதில் வரவில்லை என்றதும் சோர்ந்துவிடுகிறார்கள். பிங்கை ஃபயர்வால் மறித்தும் 445 திறந்திருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம்.

இப்போது டெஸ்க்டாப்பின் முகவரியை \\192.168.1.7 என்று அட்ரஸ் பாரில் அடித்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பெரும்பாலானவர்கள் இந்தப் பெட்டியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின்னை இங்கே அடித்தால் ஏற்காது, பின் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போகிறவர்கள் முழு மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. வீட்டில் எல்லோரும் பாவிக்கும் ஃபோல்டருக்காக என் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மகனுக்கும் கொழுந்தனுக்கும் கொடுப்பது முறையில்லை. அதனால் டெஸ்க்டாப்பில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல், பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் யூசரை நல்ல பாஸ்வேர்டோடு உருவாக்கினேன். யார் வந்தாலும் அந்தப் பெயரில்தான் வருவார்கள், 'வேலை' ஃபோல்டரைத் தாண்டி அவர்களுக்கு வேறு எதுவும் பகிரப்படவில்லை. சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுத்தால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிவிட்டு மறுபடி வாருங்கள்.

அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொன்று. இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். ஒன்றில் எழுதலாம் என்று கொடுத்து, மற்றதில் படிக்க மட்டும் என்று இருந்தால், திருத்திய ஃபைலைச் சேமிக்கும்போது தடுக்கும். அதே டிரைவில் வேறு ஃபோல்டரிலிருந்து 'கட்' செய்து கொண்டுவந்த ஃபைல் சில சமயம் தன் பழைய அனுமதியோடேயே வந்துவிடும். பத்து ஃபைல் திறந்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால் அங்கே பாருங்கள்.

முகவரி அடித்தால் திறக்கிறது, நெட்வொர்க் பட்டியலில் மட்டும் கணினி தெரியவில்லை என்றால் அது பெரிய பழுது இல்லை. பட்டியல் காட்டும் பழைய முறை எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் அது இயல்பாக வருவதில்லை. அந்த வேலையை இப்போது செய்வது ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சர்வீஸ். தெரிய வேண்டிய கணினியில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கினால் தெரியும். நான் இன்னும் சுருக்கமாக, புதுப் பெட்டியில் டெஸ்க்டாப்புக்கு அந்த முகவரியையே நிலையாக ஒதுக்கி, லேப்டாப்பில் ஒரு டிரைவ் எழுத்தாக மாட்டிவிட்டேன்.

எஸ்எம்பி 1 பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டும், போடாத கணினிகளின் ஃபைல்களை அது பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஈஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் வரும். இந்த நிலையில் எஸ்எம்பி 1-ஐத் திறந்து வைக்கச் சொல்வது தவறான ஆலோசனை. பென்டிரைவ் குழப்பமே மேல்.

என்னிடம் இருக்கும் பழைய ஸ்கேனர் அந்த எஸ்எம்பி 1 மட்டுமே பேசும், ஸ்கேன் செய்ததை நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி அதனால் நின்றுபோனது. அதற்காக எஸ்எம்பி 1-ஐ நான் திறக்கவில்லை. ஸ்கேனரை யுஎஸ்பி கேபிளால் டெஸ்க்டாப்போடு இணைத்தேன். ஸ்கேன் மென்பொருள் சேமிக்கும் இடமாக 'வேலை' ஃபோல்டரையே காட்டிவிட்டேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பத்திரிகையை மாடியில் ஸ்கேன் செய்து கீழே இறங்கி வந்தால், லேப்டாப்பில் திறக்கத் தயாராக இருக்கிறது.