குறட்டை வழக்கு தள்ளுபடி

ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்தது அந்த "ம்ம்ம்". அத்தை வழக்கம்போல அப்பாவின் குறட்டை என்றார். அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அந்த வழக்கு அப்போதே தள்ளுபடி. மிச்சம் இருந்த சந்தேக நபர்கள்: ஃபேன், ஃப்ரிட்ஜ், சுவரோரம் கிடக்கும் அந்தப் பழைய அடாப்டர்.

ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப்பை (சத்தத்தைச் சுருதிவாரியாகப் பிரித்து வரைந்து காட்டுவது) திறந்ததும் மைனஸ் 60 டெசிபல். "மைனஸ்தானே? அப்போ சத்தமே இல்லை, போய்ப் படு" என்றார் அப்பா. ஃபோன் தாங்கும் உச்ச சத்தம்தான் அங்கே பூஜ்யம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில்தான் நிற்கும்.

அடுத்த வம்பு, திரையில் அந்த "ம்ம்ம்"-இன் கோடு வருகிறது, ரெண்டு நொடியில் கரைந்து போகிறது. ஃபோனின் நாய்ஸ் சப்ரஷன் வேலை அது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் அதற்குக் குப்பை. நாம் தேடுவதோ அந்தக் குப்பையைத்தான். செட்டிங்கில் ஆடியோ சோர்ஸை 'அன்ப்ராசஸ்ட்' என்று மாற்ற வேண்டும். அது இல்லாத ஃபோனில் 'வாய்ஸ் ரெகக்னிஷன்'.

ஃபேன் இறக்கை சீக்கிரமே தப்பித்தது. மூணு இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் இறக்கைகள் வெட்டும் காற்று 15 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 15 அதிர்வு. காதுக்கும் எட்டாது, அந்த மைக்குக்கும் எட்டாது. திரையில் நின்றதோ 100-இல் ஒரு கோபுரம். ஃபோனை ஃபேன் மோட்டார் பக்கம் கொண்டு போனால் 100. ஃப்ரிட்ஜ் பக்கம் போனால் 100. அடாப்டரும் 100. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒவ்வொரு சுற்றிலும் இரும்பை இரண்டு முறை இழுத்து விடுகிறது, அதனால் எல்லாருக்கும் ஒரே கைரேகை. (60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் இது 120.)

கோளாறு எஃப்எஃப்டி அளவில், அதாவது ஆப் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை (ஒலி அளவீட்டை) எடுத்துப் பிரிக்கிறது என்பதில். நொடிக்கு 48,000 சாம்பிள் வரும்போது அதை 4096 என்று வைத்தால் ஒவ்வொரு கட்டமும் 11.7 ஹெர்ட்ஸ் அகலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்டத்துக்குள் குடியிருப்பார்கள். 65,536 ஆக்கினால் 0.73 ஹெர்ட்ஸ். ஒரு படத்துக்கு 1.4 நொடி சத்தம் வேண்டும், அதனால் திரை ஆமைபோல நகரும். நகரட்டும். கோபுரம் இரண்டாகப் பிளந்தது: 97, 100. ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட முயன்று 2910-இலேயே மூச்சு வாங்குகிறது. அதாவது நொடிக்கு 48.5 சுற்று, இரட்டித்தால் 97. நூறும் தொண்ணூற்றேழும் மோதி நொடிக்கு மூணு "வூம்". அத்தை தொடையில் தாளம் போட்டுச் சரிபார்த்தார்.

97-க்கு மேலே 194, 291, 388 என்று ஓர் ஏணி வேறு. இவ்வளவு படிகள் என்றால் எதுவோ எதன் மீதோ உரசித் தடதடக்கிறது. ஃப்ரிட்ஜ் தலையில் இருந்த எவர்சில்வர் தட்டில் உள்ளங்கையை அழுத்தினால் ஏணி காலி. எடுத்தால் மறுபடி முளைக்கிறது. அடியில் மடித்த துணி ஒன்று வைத்தாயிற்று.

"ஃப்ரிட்ஜ் அங்கே இருக்கு, சத்தம் ஏன் என் தலைமாட்டில்?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். சுவரில் பட்டுத் திரும்பி வந்து அறைக்குள் ஓரிடத்தில் குவியும், ஒரு மீட்டர் தள்ளினால் காணாமல் போகும். அதனால் நடு அறையில் ஃபோனை நீட்டிக்கொண்டு துப்பு துலக்கக் கூடாது. பொருளோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

ஒன்றேகாலுக்குத் திரை ஏறக்குறைய சுத்தம். அப்போதுதான் 450 பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. மின்சாரத்தின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். இது நெளிந்தது. 900-இல் ஒரு நிழல், அதுவும் கூடவே நெளிந்தது.

"கொசு" என்றார் அத்தை, திரையைப் பார்க்காமலே.