ஷூவுக்குள் ஒரு புளியங்கொட்டை

போன தை மாதம். வழக்கம்போல காலை 6 மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு குடமுருட்டிக் கரையில் மதகு வரை போய்த் திரும்பினேன், போக வர 3 கிலோமீட்டர் இருக்கும். வழியில் டீக்கடையில் நின்று தண்ணீர் நிலவரம் வேறு பேசினேன். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், பெருவிரலுக்குக் கீழே துணி ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. ஷூவைக் கவிழ்த்தேன். பேத்தி பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டை ஒன்று டக்கென்று திண்ணையில் விழுந்து உருண்டது. அவ்வளவு தூரமும் அதை மிதித்துக்கொண்டேதான் நடந்திருக்கிறேன்!

அதே கால்தான் ராத்திரி 11 மணிக்கு மேல் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரியும். போர்வை நுனி பட்டாலே தாங்காது. "எரியுதுன்னு தூங்க விட மாட்டேங்கிறீங்க, கொட்டை குத்துனது மட்டும் தெரியலையா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை வைத்திருந்தார், பாதத்தில் தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டுமாம். எப்போது ஆரம்பிப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், அவர் வலது காலையே முடித்துவிட்டார். சர்க்கரையில் கெட்டுப்போன நரம்பு இல்லாத நெருப்பை இருக்கிறது என்று சொல்லும், இருக்கிற முள்ளைச் சொல்லாது என்றார். உடம்பில் நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் சேதமும் அங்கேதான் முதலில் தெரியுமாம்.

புண் ஆற ஆறு வாரம் ஆனது. அதுவரை நடை கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்தபடி கைக்கும் தோளுக்கும் மட்டும் பயிற்சி. இனி நடக்கவே கூடாதோ என்று கேட்டதற்கு, "நடக்காதீங்கன்னு யார் சொன்னா? புண்ணோட நடக்காதீங்க" என்றார். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கு எனக்கும் உண்டாம்.

ஆனால் நடக்கும் முறை மாறிவிட்டது. இப்போது பின்வார் வைத்த எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு, அடியில் மெத்தென்று இருக்கும். சாயங்காலத்தில் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போய் அளவு எடுத்து வாங்கினேன். சாக்ஸ் வெள்ளை, ரத்தமோ நீரோ கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. ஒருநாள் நடை, ஒருநாள் வீட்டிலேயே ஓட்டுகிற சைக்கிள். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். பாதம் மரத்தவனுக்குத் தள்ளாட்டம் அதிகம், அதனால் கம்பியை விடுவதில்லை. சர்க்கரைக்கு நான் போடும் மாத்திரை தாழ்சர்க்கரை உண்டாக்கும் ரகம் என்பதால் கிளம்புமுன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வேன். 90-க்குக் கீழே இருந்தால் பிஸ்கட் தின்ற பிறகுதான் கிளம்புவேன், சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் உண்டு.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். வரப்பில் வெறுங்காலோடு நடந்தால் ரத்தம் ஓடும் என்கிறார் பங்காளி ஒருவர். அவர் காலுக்கு ஓடும், எனக்குக் கருவேல முள் ஏறினாலே தெரியாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை என்பது இன்னொன்று. சூடே தெரியாத காலை வெந்நீரில் வைத்துக் கொப்புளம் வாங்கிக்கொண்டவரை எனக்குத் தெரியும். குளிக்கிற தண்ணீரையே இப்போது முழங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறேன். கோயிலை மட்டும் விட முடியவில்லை, செருப்பில்லாமல்தான் போக வேண்டும். அதனால் கல் சுடுவதற்குள் விடியற்காலையிலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவேன், சித்திரை வெயிலில் பிரகாரம் பக்கமே போவதில்லை.

எரிச்சலுக்கு ராத்திரியில் பிரிகாபலின் கொடுத்திருக்கிறார்கள். ஓரளவு தூங்குகிறேன், காலையில் கொஞ்சம் கிறுகிறுப்பு இருக்கும், கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சரியாகிவிடும். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டதில் பி12 வைட்டமின் குறைந்திருப்பதும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, அதற்கு ஊசி போட்டார்கள். நீங்களும் அந்த மாத்திரைக்காரர் என்றால் ஒருதடவை கேட்டுப் பாருங்கள், காலெரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது இப்போது வீட்டில் ஒரு சடங்கு. விரலிடுக்கைத் துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும், சேற்றுப்புண் அங்கேதான் பிடிக்கும். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. எனக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, மனைவிதான் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வாள். நேற்று இடது குதிகாலில் சின்னதாக ஒரு வெடிப்பு என்றாள். இன்றைக்கு மதகுப் பக்கம் போகவில்லை, சைக்கிள்தான்.